மர்ஹூன் கடையில் செய்தி ஒன்றுமில்லை

மர்ஹூனிடம் மூன்று பம்ப் கேட்டுப் போகிறவன் ஒரு பம்ப்போடு திரும்பி வருவான். ஒன்று கேட்டுப் போகிறவனுக்குக் கேள்விதான் கிடைக்கும். மஸ்கட்டுக்குத் தென்கிழக்கே பாலைவன ஓரத்தில் இருக்கும் பிதியாவின் பட்டறைத் தெருவில் ஒற்றை ஷட்டர் வைத்த கடை அவருடையது. வேக வண்டிகளின் இன்ஜினுக்கு எரிபொருளைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற சாமான்கள் மட்டுமே அங்கே உண்டு: பம்ப், ஃபில்டர், ஹோஸ், இன்ஜினுக்குள் எரிபொருளைப் பீச்சுகிற இன்ஜெக்டர். டர்போ வேண்டும் என்றால் எதிர்க்கடையைக் காட்டுவார். எதிர்க்கடையில் டர்போ வாங்கியவன் எப்படியும் பத்து நாளில் தன்னிடம் வந்து நிற்பான் என்பது அவருக்குத் தெரியும்.

ஆயிரம் குதிரைச் சக்தி, ஆயிரத்து ஐந்நூறு என்று சர்வசாதாரணமாகப் பேசுகிற இந்த மனிதர், தான் ஓட்டும் பழைய சின்னக் காரை அறுபதுக்கு மேல் விரட்டி யாரும் பார்த்ததில்லை. ஒட்டகம் ஏற்றிய பிக்கப் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போகும். உள்ளே நிற்கும் ஒட்டகங்கள் திரும்பிப் பார்த்துக்கொண்டே போகும். அவர் கை காட்டுவார்.

அவருடைய கொள்கை சுலபமானது. இன்ஜினுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. ஒரு மடக்கு கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். பம்ப்பைக் கூட்டிக்கொண்டே போனால் இன்ஜின் குடிக்காமல் விட்ட பெட்ரோல் சூடாகி டேங்குக்குத் திரும்பி வரும். ஜூன் மாதத்தில் மூன்று பம்ப் போட்டு ஓட்டுகிறவனிடம், "உன் டேங்க்ல டீயா போட்டிருக்கே?" என்று கேட்பார். மணல் மேட்டில் ஏறுகிற வண்டிக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு வண்டி ஏறும்போது டேங்கில் இருக்கும் பெட்ரோல் எல்லாம் பின்பக்கம் ஓடிவிடும். பம்ப் காற்றைக் குடிக்கும். இன்ஜின் ஒரு நொடி பட்டினி கிடக்கும். வீட்டு வாசலில் அந்த ஒரு நொடி ஒன்றும் செய்யாது. முழு வேகத்தில் மேட்டின் நடுவில் நடந்தால் பிஸ்டனில் ஓட்டை விழுந்துவிடும். அதனால் எப்போதும் நிறைந்தே இருக்கும் ஒரு குட்டி டேங்கை நடுவில் வைத்து, அங்கிருந்துதான் இன்ஜினுக்கு ஊட்ட வேண்டும். குட்டி டேங்க் வேண்டாம் என்கிறவனுக்கு அவர் ஒரு நட்டைக்கூட விற்பதில்லை.

இத்தனை பேருக்குத் தேர்ந்தெடுத்துத் தந்தவர், தன் விஷயத்தில் மட்டும் பதினோரு வருடமாக ஒரு முடிவுக்கும் வரவில்லை. அவர் வீட்டு முற்றத்தில் செங்கல் அடுக்கின் மேல் ஒரு நிஸான் ஜீப் நிற்கிறது. இன்ஜின் உண்டு, டர்போ உண்டு, எரிபொருள் போகிற வழி மட்டும் கிடையாது. அதற்கு வாங்கிய சாமான்கள் பெட்டி பிரிக்காமல் உள்ளறையில் அடுக்கியிருக்கின்றன. ஒவ்வொரு வருடமும் அதைவிட நல்லதாக ஒன்று சந்தைக்கு வந்துவிடுகிறது. மனைவி ரய்யா அந்த ஜீப்பின் மேல் பாய்களைக் காயப்போடுகிறாள்.

போன குளிர்காலத்தில் ஜைஃபர் அவரிடம் வந்தான். தண்ணீர் வாரியத்தில் வேலை, வயது முப்பத்திரண்டு, வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பைத்தியம். அதற்கு முந்தின வருடம் மணல் மேடு ஏறும் போட்டியில், மேட்டின் பாதியில் அவன் ஜீப்பின் இன்ஜின் வெந்து போயிருந்தது. புது இன்ஜினுக்காக அவனுடைய அப்பா ஹிலால் நல்ல பந்தய ஒட்டகம் ஒன்றை விற்றுக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒரு வார்த்தையும் சொன்னார். இந்த இன்ஜினும் எரிந்தால் ஜீப் விலைக்குப் போகும். மகன் ஒட்டகத் தொழுவத்துக்குத் திரும்ப வேண்டும். ஹிலால் சொன்னால் சொன்னதுதான். ஏதோ ஒரு கல்யாண விருந்தில் தன் தம்பியோடு சண்டை போட்டு, இனி உன் வீட்டில் மீன் தொடமாட்டேன் என்றவர். இருபது வருடமாகத் தம்பி வீட்டில் வெறும் சோறு சாப்பிடுகிறார்.

ஜைஃபர் வந்த அன்று நடந்தது எல்லாம் முறைப்படிதான் நடந்தது. சலாம் சொன்னார்கள். உட்கார்ந்தார்கள். மர்ஹூன் கேட்டார்.

"என்ன செய்தி?"

"செய்தி ஒண்ணுமில்லை. எல்லாம் நலம்."

"வேற ஏதாவது?"

"ஒண்ணும் கேள்விப்படலை, அபூ ஃபலாஹ்." மர்ஹூனை ஊர் அப்படித்தான் கூப்பிடும்.

எங்கள் ஊரில் இதற்கு வேறு பதில் கிடையாது. வீடு இடிந்து வந்தவனும் முதலில் இதைத்தான் சொல்வான். காப்பி வரும், பேரீச்சம்பழம் வரும், சின்னக் கோப்பையில் மூன்று சிட்டி குடித்து அதை ஆட்டிப் போதும் என்று காட்டிய பிறகுதான் வீடு இடிந்த கதை வெளியே வரும். அன்றைக்குக் கடை வாசலில் சரக்கு லாரி நின்றது. ஃபிளாஸ்க் காலி. இதோ வருகிறேன் என்று எழுந்து போன மர்ஹூன், திரும்பி வந்ததும் காப்பியை மறந்து நேராக அளவு கேட்க ஆரம்பித்துவிட்டார். அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தார். பம்ப் இரண்டு, குட்டி டேங்க் ஒன்று, பெட்ரோலுக்கு உகந்த ரப்பர் ஹோஸ், காகித ஃபில்டர், சொட்டுக் கணக்கில் அளந்த எட்டு இன்ஜெக்டர்கள். அவரே மாட்டியும் கொடுத்தார். ஜைஃபர் கையைக் குலுக்கிவிட்டுப் போனான். காப்பிக்குப் பிறகு சொல்லலாம் என்று வைத்திருந்த செய்தி அவனோடேயே போய்விட்டது.

அது ஒரு வியாழக்கிழமை காலையில் மர்ஹூனை வந்தடைந்தது. போட்டி மறுநாள்.

ஹிலாலுக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. நலம் விசாரிக்கப் போனார் மர்ஹூன். பெரியவர் ஒரு கண்ணில் கட்டோடு தன் கையாலேயே காப்பி ஊற்றினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. என்ன செய்தி என்று கேட்டுக்கொண்டார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டார்கள். மூன்றாவது சிட்டிக்குப் பிறகு மர்ஹூன் கோப்பையை ஆட்டினார். அப்புறம் கண் டாக்டரின் கை நடுங்கிய கதை வந்தது, கிணற்றில் தண்ணீர் இறங்கிய கதை வந்தது. கடைசியில் பெரியவர் குரலைத் தாழ்த்தினார்.

"என் வீட்டுல ரெண்டு டிரம் சாராயம் இருக்கு, மர்ஹூன்."

மர்ஹூன் சுற்றும் முற்றும் பார்த்தார். "யார் குடிக்கிறதுக்கு, பெரியவரே?"

"ஜீப் குடிக்குமாம். துபாயிலேருந்து வரவழைச்சிருக்கான். பெட்ரோலை விட இதுல வேகம் ஜாஸ்தியாம். மனுசன் குடிச்சாதான் தப்பு, இரும்பு குடிச்சா தப்பில்லைங்கிறான். இமாமைக் கேட்கலாம்னா, கேள்வியை எங்கேருந்து ஆரம்பிக்கிறதுன்னு தெரியலை."

மர்ஹூன் தான் ஆட்டிக் காட்டிய கோப்பையை மறுபடி நீட்டினார். போதும் என்று சொன்னபின் யாரும் அப்படிச் செய்வதில்லை. ஹிலால் ஒற்றைக் கண்ணால் அந்தக் கோப்பையைப் பார்த்தார். விஷயம் பெரிது என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும். கோப்பையை நிறைத்தார்.

மர்ஹூனுக்குள் கணக்கு ஓடியது. அந்தச் சாராய எரிபொருளைப் பெட்ரோலை விட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக ஊற்றினால்தான் இன்ஜின் வயிறு நிறையும். அவர் தந்த இன்ஜெக்டரில் மூன்றில் ஒரு பங்கு அல்ல, ஒரு மடக்குகூட மிச்சமில்லை. அளவாகத் தருவது அவருடைய பெருமை. போதாததற்கு அந்தத் திரவம் அவருடைய ரப்பர் ஹோஸை ஊறவைத்து உரித்துவிடும்; காகித ஃபில்டரைக் கூழாக்கிவிடும். மேட்டின் பாதியில், போன தடவை எரிந்த அதே இடத்தில், இன்ஜின் பட்டினி கிடக்கும். பிறகு ஜீப் விலைக்குப் போகும். எரித்தது யார் என்று ஊர் கேட்டால், பாகங்களைத் தேர்ந்தெடுத்தது மர்ஹூன் என்று சொல்லும்.

ஜைஃபரை ஃபோனில் பிடித்து ஜீப்போடு தன் வீட்டுக்கு வரச் சொன்னார். டிரம்மைத் திறந்துவிட்டானா என்பதுதான் முதல் கேள்வி. இல்லை, வெள்ளிக்கிழமை மேட்டடியில் வைத்துத்தான் ஊற்றுவதாக இருந்தான். இன்ஜினுக்கு எவ்வளவு ஊட்டுவது என்கிற கணக்கை துபாயிலிருக்கும் ஒரு நண்பர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். சாமான்கள் பொருந்துமா என்று அந்த நண்பர் ஒரு வார்த்தை கேட்டாராம். மர்ஹூன் தந்தது என்று இவன் சொன்னதும் மேலே கேட்கவில்லையாம்.

"ஏன்ப்பா என்கிட்ட சொல்லலை?" என்றார் மர்ஹூன்.

"நீங்க செய்தி கேட்டீங்க. ஒண்ணுமில்லைன்னேன். காப்பி வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன்." ஜைஃபர் தலையைக் குனிந்துகொண்டான். "அன்னிக்குக் காப்பி வரலை."

"அப்புறமாவது சொல்லக் கூடாதா? ரெண்டு நாள் உன் வண்டிக்கு அடியிலதான படுத்திருந்தேன்?"

"படுத்திருக்கிற மனுசன்கிட்டப் போய் சாராயம்னு எப்படிச் சொல்றது? அஞ்சு வேளை தொழறவர் நீங்க."

காப்பி கொடுக்காத குற்றம் அவருடையது. இந்த ஊரில் அதற்கு மேல் ஒரு குற்றம் இல்லை. டிரம்மை அப்படியே விட்டுவிட்டு பெட்ரோலிலேயே ஏறு என்று சொல்லிப் பார்த்தார். ஜைஃபர் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பேச்சை விட்டார். மஸ்கட்டுக்கு ஃபோன் போட்டார். அந்த அளவு இன்ஜெக்டர் இல்லை. துபாயில் இருந்தது, ஞாயிற்றுக்கிழமைதான் வரும். மற்ற வியாபாரிகள் ஒருவரும் வியாழக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு ஃபோனை எடுப்பதில்லை.

முற்றத்துக்கு வந்தார். பாய் காய்ந்துகொண்டிருந்த தன் ஜீப்பைப் பார்த்தார். பிறகு உள்ளறைக்குப் போய் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பின் இன்னொன்று. பிறகு இன்னும் மூன்று. உள்ளே எஃகு வலை ஃபில்டர், கம்பி பின்னிய வழவழப்பான ஹோஸ், கட்டைவிரல் பருமனில் எட்டு இன்ஜெக்டர்கள், அவற்றுக்கு ஈடுகொடுக்கும் பம்ப்புகள்.

ஜைஃபர் ஹோஸைக் கையில் எடுத்து, உள்பக்கத்தைப் பார்த்தான். பெட்டியின் மேல் எழுதியிருந்ததையும் படித்தான். நாலு வருடத்துக்கு முந்தைய தேதி.

"அபூ ஃபலாஹ், இது சாராயத்துக்கான ஹோஸ் ஆச்சே. உங்க ஜீப்புக்கா வாங்கினீங்க?"

மர்ஹூன் ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருந்தார்.

"செய்தி ஒண்ணுமில்லை," என்றார்.

ரய்யா காப்பியும் பழமும் கொண்டுவந்து வைத்தாள். வேலைக்கு முன் மூன்று சிட்டி குடித்தே ஆக வேண்டும் என்று மர்ஹூன் பிடிவாதமாக இருந்தார். பிரிந்து கிடந்த பெட்டிகளை அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"பதினோரு வருஷம் இதையெல்லாம் தூசி தட்டினவ நான். ஏறப்போறது ஜைஃபரா?"

"திரும்ப வாங்கிக்கலாம்," என்றார் மர்ஹூன். "இப்ப இதைவிட நல்லது வந்திருக்கு."

"வராம இருக்குமா," என்றாள் அவள்.

மாலைத் தொழுகைக்கு எழுந்த நேரம் தவிர மர்ஹூன் தலையை வெளியே எடுக்கவில்லை. புது இன்ஜெக்டரின் அளவை எழுதி அனுப்ப, துபாய் நண்பர் கணக்கைத் திருத்தி அனுப்பினார். பெட்ரோலை வடித்துவிட்டு, ஜைஃபர் கொண்டுவந்த முதல் டிரம்மிலிருந்து ஊற்றி ஓடவிட்டபோது முற்றமெங்கும் இனித்த வாசனை பரவியது. மர்ஹூன் தெருக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். எட்டு இணைப்புகளையும் விரலால் தடவி, விரலை முகர்ந்து பார்த்தார். கசிவு இல்லை.

வெள்ளிக்கிழமை பிற்பகல். மேட்டடியில் பாதி ஊர் நின்றது. ஹிலால் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பிக்கப்பின் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். மணல் கண்ணில் படக்கூடாது என்று டாக்டர் சொன்னதை, ஜன்னல் கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொண்டதன் மூலம் மதித்தார்.

ஜைஃபர் கிளம்பினான். மற்றவர்கள் எல்லாம் மேட்டைப் பார்த்தார்கள். மர்ஹூன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்குக் காது போதும். பட்டினி கிடக்கும் இன்ஜின் முதலில் சத்தத்தில்தான் காட்டிக்கொடுக்கும். சீரான கர்ஜனைக்கு நடுவே பொரி வெடிப்பது போல ஒரு சத்தம் வரும். போன தடவை பாதி மேட்டில் வந்தது. இப்போது அந்த இடத்தை வண்டி நெருங்கியபோது அவர் மூச்சுவிடவில்லை என்று பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும். கர்ஜனை ஒரே கம்பியாக மேலே போயிற்று. சரிவின் உச்சியில் சட்டென்று அடங்கியது. அது எரிந்து அடங்கியதா, ஏறி அடங்கியதா என்று தெரியாமல் அவர் தலையை நிமிர்த்தினார். மேட்டின் உச்சியில் ஜீப்பின் பின்விளக்கு தெரிந்தது.

ஏழாவது இடம். முதல் ஆறு பேருக்குத்தான் பரிசு. ஜைஃபர் சுற்றிக்கொண்டு கீழே வந்து பானட்டைத் திறந்தான். மர்ஹூன் சூட்டோடு ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்தார். பட்டினி கிடந்த பிளக் வெளுத்துப் பொரிந்திருக்கும். இது சுத்தமாக இருந்தது. இன்னொன்றையும் கழற்றினார், பிறகு மீதி ஆறையும். அவசரமே இல்லை. எட்டும் ஒரே மாதிரி.

ஹிலால் பிக்கப்பின் கண்ணாடியை நாலு விரல் இறக்கினார். எத்தனையாவது இடம் என்று அவர் கேட்கவில்லை. அது அவருடைய நிபந்தனையில் இல்லை.

"என்ன செய்தி, மர்ஹூன்?"

மர்ஹூன் எட்டுப் பிளக்குகளையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவரிடம் போனார்.

"செய்தி ஒண்ணுமில்லை, பெரியவரே. எல்லாம் நலம்."

பெரியவர் அவர் முகத்தை வெகு நேரம் பார்த்தார். காப்பிக்கு முன் சொன்ன பதில் இது. ஆனாலும் நம்பினார் என்று தோன்றியது. கண்ணாடியை ஏற்றப் போனவர் பாதியில் நிறுத்தினார்.

"அப்ப அந்த ரெண்டாவது டிரம்மை எப்ப வந்து எடுத்துட்டுப் போறீங்க?"