வற்றிய ஓடையில் மாப்பிள்ளைத் தோணி

குறிஞ்சாக்கேணியில் தோணிக்காரர் கலீலுர் றஹ்மானைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் சொல்வது ஒரு கதைதான். மகளுக்கு மாப்பிள்ளை ஏற்றிப் போய்ப் பாதி வழியில் விட்டவர். சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள். நானும் சிரித்திருக்கிறேன். பிறகு ஒருநாள் அவருடைய மகள் றஹ்மாவிடமும், அன்று தோணியில் இருந்த இராசையாவிடமும் தனித்தனியாக உட்கார்ந்து கேட்டேன். இருவர் சொன்னதும் பெரும்பாலும் ஒத்துப்போனது. ஒத்துப்போகாத ஓர் இடம் இருக்கிறது. அங்கே யாரை நம்புவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

றஹ்மானுக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான். கடலோடு சேரும் களப்பிலிருந்து ஓடை வழியே தம்பலகாமத்து வயல் பக்கம் தோணி விடுவார். போகும்போது உப்பும் கருவாடும் மண்ணெண்ணெயும், வரும்போது நெல்லும் விறகும். தோணியின் பின்முனையான பின்னணியத்தில் அவர் ஒரு கம்பு, முன்முனையான முன்னணியத்தில் இராசையா ஒரு கம்பு, ஊன்றித் தள்ளுவார்கள். இராசையா சல்லி என்ற கடலோர ஊர்ப் பக்கத்து மனிதர். கடலைவிட ஓடை நல்லது, விழுந்தால் நிற்கலாம் என்று சொல்லிக்கொண்டு இவரோடு வந்து சேர்ந்தவர்.

திருகோணமலையில் ஜப்பான்காரனின் குண்டு விழுந்த வருடம், ஊரில் பாதிப்பேர் கடற்கரையை விட்டு உள்ளே ஓடினார்கள். றஹ்மானும் மனைவி சித்தி பரீதாவையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போய், ஓடையின் மேல் முனையில் வயல் கரையில் ஒரு வீடு கட்டிக் குடிவைத்தார். மற்றவர்கள் சில மாதங்களில் திரும்பினார்கள். அவர்கள் திரும்பவில்லை. பயிர் செய்யக் கொஞ்சம் நிலம் கிடைத்தது, இருந்துவிட்டார்கள்.

அந்த ஓடைக்குச் சொந்தத் தண்ணீர் கிடையாது. மாரியில் வெள்ளம் ஓடும். கோடையில் கந்தளாய்க் குளத்தின் மடையைத் திறந்தால் தண்ணீர் வயல்களுக்குப் பாயும். வயல் குடித்து மிஞ்சியது ஓடையில் விழும். அந்த மிச்சத்தில்தான் தோணி ஓடும். கதிர் முற்றியதும் மடையைப் பூட்டி வயலைக் காயவிடுவார்கள். அதன்பிறகு கார்த்திகை மழை வரும்வரை ஓடையில் சேறும் கொக்கும்தான்.

றஹ்மாவின் கல்யாணம் 1944ஆம் ஆண்டு, நோன்பு தொடங்க இரண்டு கிழமைக்கு முன்னால் என்று முடிவானது. மாப்பிள்ளை ஸுஹைர் நகரத்தில், துறைமுகப் பட்டறையில் இரும்பு வேலை செய்தவர். அந்த வருடம் துறைமுகம் முழுக்கக் கப்பல். லீவு என்ற பேச்சையே எடுக்க முடியாது. எப்படியோ ஒரு நாள் மதியத்திலிருந்து மறுநாள் காலைச் சங்கு வரை அனுமதி வாங்கியிருந்தார். சங்கு ஊதும்போது வாசலில் நிற்காவிட்டால் வேலை போகும். சண்டைக்காலச் சட்டத்தில் பிடித்து அடைத்தாலும் ஏனென்று கேட்க ஆளில்லை.

வண்டியும் மாடும் பட்டாளத்தின் ரோட்டு வேலைக்குப் போய்விட்டன. தோணிதான் வழி. மதியத்துக்குப் பின் குறிஞ்சாக்கேணியில் ஏறினால் பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன் பெண் வீடு, நிக்காஹ், சாப்பாடு, பிறகு வடியும் நீரோடு இறங்கி வந்தால் விடியமுன் களப்பு. றஹ்மான் இதை மனத்துக்குள் பல தடவை ஓட்டிப் பார்த்திருப்பார். மடையைக் கல்யாணம் முடியும்வரை பூட்ட வேண்டாம் என்று வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையிடமும் கேட்டிருந்தார். பார்ப்போம் என்று அவர் சொன்னாராம். ஆனால் கதிர் முற்றிவிட்டது. யாருடைய கல்யாணத்துக்காகவும் கதிர் காத்திருக்காதே.

அன்று தோணியில் ஆறு பேர். றஹ்மான், இராசையா, மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் சாச்சா, அதாவது தகப்பனின் தம்பி, முஹம்மது தம்பி, அவர்களுடைய உறவினர் இருவர். மாப்பிள்ளை வெள்ளைச் சாரமும் கோட்டும் துருக்கித் தொப்பியுமாக நடுவில் பாயில் இருந்தார். காலில் புதுச் சப்பாத்து. தகப்பன் இல்லாத பிள்ளை என்பதால் எல்லாப் பொறுப்பும் சாச்சாவிடம். நகரத்தில் சின்னதாக ஒரு துணிக்கடை வைத்திருந்தார்; வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு வந்தார்.

ஓடைக்குள் திரும்பிக் கொஞ்ச தூரம் போனதும் இராசையா கம்பை ஊன்றிப் பார்த்துவிட்டு, தன்னிலும் மூத்த றஹ்மானிடம் சொன்னார்: "காக்கா, நாணலைப் பாருங்க. ஈரம் மேல நிக்கிது, தண்ணி கீழ நிக்கிது."

றஹ்மான் பார்த்தார். மடையைக் காலையில் பூட்டியிருக்கிறார்கள்.

"தள்ளு," என்றார்.

கொஞ்சம் தள்ளினார்கள். அடிப்பலகை மண்ணைத் தேய்த்தது. இன்னும் கொஞ்சம் தள்ள, நின்றுவிட்டது. இருவரும் இறங்கினார்கள், முழங்கால் வரை சேறு. உறவினர் இருவரும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். பெட்டியையும் சீனி மூட்டையையும் கரையில் வைத்தார்கள். தோணி அசைந்தது, ஓடவில்லை.

"இன்னும் ரெண்டு பேர் இறங்கினா வரும்," என்றார் இராசையா. "இந்தத் திடலைத் தாண்டினா அங்கால பள்ளம்."

"நான் இறங்கிறன் சாச்சா," என்று ஸுஹைர் சப்பாத்தில் கை வைத்தார்.

"இரு," என்றார் முஹம்மது தம்பி. "மாப்பிள்ளையா வெளிக்கிட்டாப் பொறகு காலில படுறது பொண்ணு வீட்டுத் தண்ணிதான். பொண்ணுட தம்பி செம்போட வாசல்ல நிப்பான். சேத்துக் காலோட போய் அவனுக்கிட்ட நீட்டவா?"

"அப்ப நீங்களாவது இறங்குங்களன், முதலாளி," என்றார் இராசையா.

"மாப்பிள்ளையைத் தனிய விட்டுட்டா?"

"தனிய எங்க? நாங்க சுத்தி நாலு பேர் நிக்கிறம். கொக்குத் தூக்கிக்கொண்டு போகாது."

உறவினர்களில் ஒருவர் சிரித்தார். முஹம்மது தம்பி குடையைச் சற்று நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். எல்லோரும் றஹ்மானைப் பார்த்தார்கள். தோணி அவருடையது. எங்கே எவ்வளவு பாரத்தோடு போகலாம் என்று சொல்ல வேண்டியவரும் அவர்தான். வேறு நாளாயிருந்தால் எந்த முதலாளியையும் 'இறங்குங்க' என்று ஒரு சொல்லில் இறக்கியிருப்பார். அன்று அவர் பெண்ணின் வாப்பா. மாப்பிள்ளையைச் சேற்றில் இறங்கச் சொல்லப் பெண் வீட்டாருக்கு வாய் வராது. அவர் குனிந்து தோளைப் பின்னணியத்தில் கொடுத்தார்.

நான்கு பேரும் தள்ளினார்கள். சாண் சாணாகத்தான் நகர்ந்தது. அவர்கள் தள்ளத் தள்ள, தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. இராசையா சொன்ன திடலின் நடுவுக்கு வந்தபோது தோணியின் இரண்டு பக்கமும் சேறு தெரிந்தது.

அப்போதுதான் முஹம்மது தம்பி குடையைச் சுருக்கினார். "சரி, இறங்கு மகன்," என்றார். ஸுஹைர் சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார். சாச்சாவும் இறங்கினார். ஆறு பேரும் தள்ளினார்கள். தோணி அசையவே இல்லை. சேறு அதைப் பிடித்துவிட்டது.

இதைக் கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு சொல் சொல்லியிருந்தால் போதுமே என்று இராசையாவிடம் கேட்டேன். அவர் என்னைப் பார்த்து, "உங்கட சம்பந்தி வீட்டுக்காரரோட நீங்க கதைச்சிருக்கிறீங்களா?" என்றார். எனக்கு இன்னும் கல்யாணமாகவில்லை. வீட்டில் பேச்சு நடக்கும்போதெல்லாம் நானும் வாயை மூடிக்கொண்டு இருப்பவன்தான்.

அதற்குமேல் வழி எளிதாகவே இல்லை. வரம்பு வழியே நடந்தால் பெண் வீட்டை அடைய இருட்டிவிடும். தோணி இல்லாமல் அங்கிருந்து விடியமுன் துறைமுகத்துக்குத் திரும்பவே முடியாது. இப்போதே கீழ்ப்பக்கம் நடந்தால் களப்பில் யாருடையதாவது தோணி கிடைக்கும், சங்குக்குப் போய்ச் சேரலாம். போனால் வேலை மிஞ்சும், கல்யாணம் இல்லை. வந்தால் கல்யாணம், வேலை இல்லை.

ஸுஹைர் இரண்டு பக்கமும் பார்த்தாராம். "வேலை இல்லாத மாப்பிள்ளையை உங்கட மகளுக்கு எப்பிடி மாமா…" என்று தொடங்கி நிறுத்திவிட்டார்.

முஹம்மது தம்பி கரையில் சீனி மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். புதுச் சாரத்தில் இடுப்பு வரை சேறு தெறித்திருந்தது. அவர்தான் அந்த யோசனையைச் சொன்னார்.

"றஹ்மான், நீங்கதானே வலி, பொண்ணைக் குடுக்கிற உரிமை உங்களுக்குத்தான். மாப்பிள்ளை இருக்கார். சாட்சிக்கு இவங்க ரெண்டு பேரும் இருக்காங்க. ஓதி முடிக்க லெப்பை வந்துதான் ஆகணுமெண்டு இல்ல. பொண்ணுட வாப்பா கையைப் பிடிச்சுச் சொல்லிக்குடுத்தா நிக்காஹ் நிக்காஹ்தான். பதிவைப் பொறகு பாப்பம்."

"இங்கயா?"

"வேற எங்க? உங்கட மகள் இவன்ட பெண்சாதி எண்டு ஆகிருவாள். லீவு கிடைக்கிற நேரம் அவன் வந்து பாத்துக்குவான்."

ஸுஹைர் சேற்றுக் கையைக் கோட்டில் துடைத்துவிட்டு எழுந்து நின்றார்.

றஹ்மான் முழங்கால் சேற்றை வழித்து எறிந்தார். பிறகு, "பிள்ளைக்கிட்ட விருப்பம் கேக்கல்ல," என்றார்.

"இத்தன நாளும் கேக்கல்லயா?"

"உம்மாக்காரி கேட்டிருப்பாள்."

"அப்ப என்ன?"

"கேட்டிருப்பாள் எண்டுதான் எனக்குத் தெரியும்."

"வாப்பா குடுத்தாப் போதும் எண்டுதானே சட்டம்."

"போதும்தான்," என்றார் றஹ்மான். "எனக்கு ஏலாது."

இருவர் சொன்னதும் ஒத்துப்போகாத இடம் இதுதான். றஹ்மான் என்ன சொன்னார் என்பதில் வேறுபாடில்லை. ஏன் சொன்னார் என்பதில்தான். சேற்றுக்குள் நின்று மகளைக் கொடுக்க வெட்கப்பட்டார், மகளைக் கேட்கவில்லை என்பது வாயில் வந்த சாட்டு என்கிறார் இராசையா. றஹ்மா சிரித்துவிட்டு, "வாப்பாக்கு உம்மாவில பயம். ஆள் இல்லாம, நெய்ச்சோறு இல்லாம முடிச்சிட்டன் எண்டு அவக்கிட்டப் போய்ச் சொல்ல ஏலுமா?" என்கிறார். உண்மையாகவே மகளின் மனத்தை நினைத்துத்தான் மறுத்தார் என்று நம்ப எனக்கு ஆசை. அது என் ஆசை மட்டுமாக இருக்கலாம்.

ஸுஹைர் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டார். "நோன்புக்கு முன்னம் இன்னொரு நாள் கேட்டுப் பாக்கிறன் மாமா," என்றார். முஹம்மது தம்பி குடையை எடுத்துக்கொண்டார். நால்வரும் கரையோரமாகக் கீழ்ப்பக்கம் நடந்தார்கள். வழி காட்ட இராசையாவும் போனார். ஸுஹைர் கையிலிருந்த சப்பாத்து தொடையில் மோதி மோதி ஆடிக்கொண்டே போனது. வளைவில் மறையும்வரை றஹ்மான் தோணியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். இதை இராசையா திரும்பிப் பார்த்திருக்கிறார்.

மஃரிப் தொழுகை முடிந்து இருட்டிய பிறகுதான் றஹ்மான் வீடு சேர்ந்தார். பந்தலில் சனம். லெப்பை, அக்கம்பக்கத்து ஆட்கள், ஒரே தட்டில் பலர் சேர்ந்து உண்ணும் சஹனுக்கு விரித்த பாய். நெய்ச்சோறு தம்மில் இருந்தது. கூப்பன் அரிசியில் மாதக்கணக்காக மிச்சம் பிடித்துச் சேர்த்தது. அவர் தனியாக வருவதைக் கண்டதும் பேச்சு நின்றது. வாசலில் நிறைசெம்பு இருந்தது. அதைத் தொடாமல் கிணற்றடிக்குப் போய்க் கால் கழுவினார்.

"எங்க மாப்பிள்ளை?" என்று பரீதா பின்னாலேயே வந்தார்.

"தண்ணி இல்ல."

"தண்ணி இல்லையெண்டா ஆள் எங்க?"

அவர் சொன்னார். பரீதா வாளியைக் கீழே வைத்துவிட்டு, "சனத்துக்குச் சோத்தைப் போடட்டா?" என்று மட்டும் கேட்டார். அவர் தலையசைத்தார்.

றஹ்மா உள் அறையில் கல்யாணச் சேலையில் இருந்தார். வெளியே பேசியதெல்லாம் கிடுகுச் சுவர் வழியே கேட்டிருந்தது. றஹ்மான் நிலைக்குள் வராமல் வெளியே நின்று கேட்டார்: "மகள், இந்தச் சம்பந்தம் உனக்கு விருப்பம்தானா?"

அதுவரை ஒருவரும் அதைக் கேட்டதில்லை என்கிறார் றஹ்மா. உம்மா உட்பட.

"விருப்பமெண்டு சொன்னாத் தண்ணி வருமா, வாப்பா?"

அவர் பந்தலுக்குப் போய்ச் சனத்தோடு உட்கார்ந்தார். சாப்பிட்டாரா என்று றஹ்மாவுக்குத் தெரியாது.

நோன்புக்கு முன் ஸுஹைருக்கு லீவு கிடைக்கவில்லை. பெருநாள் முடிந்த பிறகு முஹம்மது தம்பியிடமிருந்து இராசையா மூலம் சொல் வந்தது. மாப்பிள்ளையைச் சேற்றில் இறக்கிய இடத்தில் தொடர்ந்து பேச வேண்டாம் என்று பெரியவர்கள் நினைக்கிறார்களாம். வேறு இடம் பார்க்கிறார்களாம். இறக்கச் சொன்னது யார் என்று இராசையா அவரிடம் கேட்டாராம். அதற்கு அவர் என்ன சொன்னார் என்று இராசையா சொல்லவில்லை. காறித் துப்பிவிட்டுப் பேச்சை மாற்றினார்.

தோணி திடலின் நடுவிலேயே கிடந்தது. வெயிலில் மரத்தோணி காய்ந்தால் பலகை விலகும். விலகினால் மாரியில் தண்ணீர் வந்தாலும் மிதக்காது. றஹ்மான் அதன்மேல் தென்னோலை போட்டு மூடினார். பிறகு தினமும் வீட்டுக் கிணற்றில் மொண்டு, வரம்பு வழியே சுமந்து போய்த் தோணிக்குள் ஊற்றினார். நோன்பு நாளிலும் போனார். தனியாகப் போகிறாரே என்று சில நாட்கள் றஹ்மாவும் ஒரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடப் போனார்.

ஒருநாள் வரம்பில் முன்னால் நடந்தவர், திரும்பாமலே கேட்டார்: "அண்டைக்குக் கேட்டதுக்கு நீ பதில் சொல்லல்லையே."

"இனி என்னத்துக்கு வாப்பா?"

"சும்மா. தெரிஞ்சுகொள்ள."

றஹ்மா சொல்லவில்லை. நான் கேட்டபோதும் சொல்லவில்லை. வாப்பாவுக்கே சொல்லாததை உனக்குச் சொல்வேனா என்றார்.

தோணிக்குப் போனதும் ஓலையை விலக்கி, இருவரும் குடங்களைச் சரித்தார்கள். பலகை ஏற்கெனவே விலகத் தொடங்கியிருந்தது. ஊற்றிய தண்ணீர் முன்னணியத்துக்குப் போய்ச் சேருமுன்னே இடுக்குகளால் இறங்கிச் சேற்றில் கறுத்து மறைந்தது. றஹ்மான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வெறும் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு கிணற்றுக்குத் திரும்பினார்.