மிச்சம் பிடித்த கிலோமீட்டர்கள்

காரை நிறுத்திய பிறகும் பூட்டுக்காரர் இறங்க மாட்டார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, முன்னால் குனிந்து, வண்டி ஓடிய தூரத்தைக் காட்டும் எண்ணைக் கைப்பேசியில் ஒரு படம் எடுப்பார். மறுநாள் காலை வண்டியைக் கிளப்பும் முன் இன்னொரு படம். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்து, ராத்திரி யாரும் வண்டியை ஓட்டிக்கொண்டு போகவில்லை என்று உறுதியான பிறகுதான் சாவியைத் திருகுவார். "போயிருக்க மாட்டாங்கதான். ஆனா போகலன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்பார். எங்கள் குடியிருப்பில் அவருடைய காருக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்துகிறவன் நான். ஆகவே சந்தேகப்படத் தோதான முதல் ஆளும் நான்தான்.

தெருமுனையில் ஒரு ஆள் நிற்கும் அகலத்துக்கு அவர் கடை. சாவி வெட்டும் இயந்திரம், சுவர் முழுக்க வெட்டாத சாவிகள், இரும்புத் தூள் படிந்த ஒரு முக்காலி. சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்பவர்கள் கூப்பிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். ஓடினாலும் உடனே திறந்துவிட மாட்டார். இது உங்கள் வீடுதானா என்று ஆரம்பித்து, சோபா எந்தப் பக்கம், திரை என்ன நிறம் என்று குறுக்கு விசாரணை நடத்துவார். மழையில் நனைந்துகொண்டு நின்ற ஒரு டாக்டர், பாவம், தன் வீட்டுச் சமையலறைத் திரையின் நிறத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டார். மனைவி வந்து சாட்சி சொல்லும் வரை அவருக்குக் கதவு திறக்கவில்லை. அந்தத் தொழிலுக்கு அது சரிதான். மனிதர் அதைக் கடையோடு விட்டுவிட்டு வருவதில்லை என்பதுதான் தொல்லை.

கார் வந்தது அக்காவுக்காக. தாயில்லாத வீட்டில் இவரைத் தூக்கி வளர்த்தவர் அந்த அக்கா. கணவர் போன பிறகு, அரை நாள் கார் ஓட்டினால் போய்ச் சேரக்கூடிய வேறோர் ஊரில் தனியாக இருக்கிறார். காலையிலும் மாலையிலும் ஒரு சமையல்கார அம்மா வந்து போவார். அக்காவுக்குப் பார்வை மங்கி, நினைவும் இடறத் தொடங்கியபோது, மாதம் ஒரு தடவையாவது போய்ப் பார்த்தே ஆகவேண்டும் என்று பூட்டுக்காரர் கார் எடுத்தார். சொந்தமாக வாங்கவில்லை, லீஸ். மாதாமாதம் ஒரு தொகை கட்டினால் போதும். காப்பீடு, பழுது, டயர் எல்லாம் அதிலேயே அடக்கம்.

எடுக்கப் போன அன்று என்னையும் துணைக்கு அழைத்திருந்தார். எதைக் கேட்டாலும் "எல்லாம் அடக்கம் சார்" என்று சிரித்த முகத்தோடு சொல்லும் ஒரு விற்பனையாளர். பூட்டுக்காரர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். எதை? பூட்டுகளை. நான்கு கதவுகளையும் திறந்து திறந்து மூடினார். டிக்கிப் பூட்டில் காதை வைத்துக் கேட்டார். இரண்டு சாவி கொடுத்ததும், "மூணாவது யார்கிட்ட இருக்கு?" என்று அந்த மனிதரை மடக்கினார். வருடத்துக்கு இவ்வளவு கிலோமீட்டர்தான் ஓட்டலாம், தாண்டினால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தனிக் கட்டணம் என்கிற இடம் வந்தபோது மட்டும் விற்பனையாளரின் குரல் கொஞ்சம் தணிந்தது. "அது உங்க கிலோமீட்டர் சார். யாரும் தொட முடியாது" என்றார்.

அந்தப் பேச்சு பூட்டுக்காரருக்குப் பிடித்துப்போயிற்று. பூட்டி வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்கும் என்பதுதான் அவர் பிழைப்பு. ஓட்டாமல் வைத்த கிலோமீட்டரும் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொண்டார். ஊரையே சந்தேகப்படுகிற மனிதர், சந்தேகப்பட வேண்டிய ஒரே இடத்தில் கோட்டை விட்டார்.

அன்றிலிருந்து அந்த எண்தான் அவருக்கு உயிர். பின்னால் ஓட்டினால் எண் குறையுமா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டி நிறுத்தும் இடத்தைப் பின்பக்கமாகவே சுற்றிவந்தார். குறையவில்லை. ஏறியது. சாலை தோண்டிப் போட்டிருந்த இடத்தில் சுற்றிப் போகச் சொன்ன தொழிலாளியிடம், "இந்தச் சுத்துக்கு யார் பொறுப்பு?" என்று வண்டியை நிறுத்திச் சண்டை பிடித்தார். கீறல் விழுந்தால் வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது அதற்குத் தனியாகப் பிடுங்குவார்கள் என்று பிறகு யாரோ சொல்ல, இரண்டு பக்கமும் பழைய மெத்தைகளைத் தொங்கவிட்டார். அப்படியானால் எல்லாம் அடக்கம் என்றது எதை என்று நான் கேட்டேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

பூட்டு வேலைகளுக்குச் சைக்கிளில் போய்வந்தார். மனைவியைக் கடைக்குக்கூடக் காரில் அழைத்துப் போவதில்லை. அந்த அம்மா நல்ல வாய்க்காரி. "எண்ணைப் படம் எடுக்கிற கையால என்னையும் ஒரு படம் எடுத்தா நான் இருக்கிறதும் ஞாபகம் இருக்கும்" என்று படிக்கட்டில் என்னிடம் சொன்னார், அவர் காதில் விழும்படியாகவே.

அக்காவைப் பார்க்க முதல் இரண்டு மாதம் ஒழுங்காகப் போனார். பிறகு ஒரு பெரிய திட்டம் பிறந்தது. சின்னச் சின்னதாகப் போய்வந்து கிலோமீட்டரைக் கரைப்பானேன்? மொத்தமாகச் சேர்த்து வைத்தால் ஒரேயடியாகப் போய், அக்காவை இங்கே கூட்டிவந்து, நல்ல கண் டாக்டரிடம் காட்டி, திரும்பக் கொண்டுபோய் விடலாம். இடையில் எத்தனை நடை வேண்டுமானாலும் போய்வரலாம். "சேத்துக்கிட்டு இருக்கேன்க்கா" என்று போனில் சொல்வார். அக்கா ஒவ்வொரு முறையும் "எப்ப வர்றே?" என்று கேட்பார். சில மாதங்களில் கேட்பதை நிறுத்திவிட்டார். அந்தச் சமையல்கார அம்மாதான் ஏதோ சொல்லி மனதைக் கலைத்திருக்க வேண்டும் என்று இவர் கண்டுபிடித்தார். எனக்குக் கோபம் வந்தது. பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்களேன் என்றேன். "மாசாமாசம் காருக்குக் கட்டிட்டு பஸ்ல போக நான் என்ன கேனையா சார்?" என்றார்.

வருடம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது லீஸ் அலுவலகத்துக்குப் போன் செய்தார். எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அவர்கள் வாயாலேயே கேட்க ஆசை. சாட்சிக்கு என்னை நிறுத்திக்கொண்டு ஒலியைக் கூட்டி வைத்தார். அந்தப் பக்கம் பேசிய பெண், அடுத்த வாரம் புது வருடக் கணக்கு முதலிலிருந்து ஆரம்பிக்கும் என்றாள்.

"சரிம்மா. அதோட என் மிச்சமும் சேரும்ல?"

"மிச்சம்னு ஒண்ணு கிடையாது சார். ஓட்டாம விட்டது விட்டதுதான்."

பெண்ணின் பெயரைக் கேட்டார். அவளுடைய மேலாளரின் பெயரைக் கேட்டார். அவள் நிஜமாகவே அந்த அலுவலகத்தில்தான் இருக்கிறாளா என்று கேட்டார். அவள் பொறுமையாகப் பதில் சொன்னாள். விற்பனையாளர் சொன்னதில் பொய்யும் இல்லை. வருடம் முழுக்க அந்தக் கிலோமீட்டரை ஒருவரும் தொடவில்லை, இவர் உள்பட. பூட்டுக்காரர் பேயறைந்த மாதிரி கடை முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். அன்று முழுக்க ஒரு சாவியும் வெட்டவில்லை.

மறுநாள் விடியும் முன் என் கதவைத் தட்டினார். அக்கா ஊருக்குப் போகவேண்டும், ஓட்டுவதில் பாதி நான் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். சரி என்றதும் என் ஓட்டுநர் உரிமத்தை வாங்கி, காலாவதி ஆகவில்லையே என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வழியெல்லாம் அந்த அலுவலகத்தைத் திட்டிக்கொண்டு வந்தார். ஊர் நெருங்க நெருங்கத் திட்டு குறைந்தது. கடைசியில், "அக்கா கோபமா இருக்குமோ சார்?" என்றார். என்னைச் சந்தேகப்படாமல் அவர் கேட்ட முதல் கேள்வி அது என்று நினைக்கிறேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்த நேரம் மதியம். சமையல்கார அம்மா போய்விட்டிருந்தார். கதவில் இருந்தது பூட்டுக்காரரே மாட்டிக் கொடுத்த பூட்டு. தன்னிடமிருந்த சாவியைப் போட்டார், திரும்பியது. கதவு மட்டும் வரவில்லை. உள்ளே தாழ்ப்பாள். தட்டினார். செருப்பை இழுத்து இழுத்து யாரோ வரும் சத்தம் கேட்டது.

"யாரு?"

"நான்தான்க்கா. உன் தம்பி."

பிறகு அந்தக் குரல் கதவுக்கு மிக அருகில் வந்தது.

"என் தம்பி இப்ப வரமாட்டான். கிலோமீட்டர் சேத்துக்கிட்டு இருக்கான். அவன் வர்ற வரைக்கும் சமையக்காரம்மாவத் தவிர யாருக்கும் தொறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்கான். யாராவது தம்பின்னு சொல்லிக்கிட்டு வருவாங்க, ஏமாந்துடாதேன்னான்."

பூட்டுக்காரர் தன் பெயரைச் சொன்னார். செத்துப்போன அம்மாவின் பெயரைச் சொன்னார். அதெல்லாம் விசாரித்துத் தெரிந்துகொண்டு வந்திருப்பாய் என்று அக்கா சொல்லிவிட்டார். தாழ்ப்பாள் அசையவில்லை.

தாழ்ப்பாளை வெளியிலிருந்து நகர்த்த ஒரு வளைந்த கம்பி போதும். அவர் அதைச் செய்து நான் பார்த்திருக்கிறேன், ஒரு நிமிடம்கூட ஆகாது. கை தானாகவே பைக்குள் போனது. உள்ளே அக்கா பயத்தில் மூச்சு வாங்குவது வெளியே எங்களுக்குக் கேட்டது. பூட்டுக்காரர் வெறுங்கையை வெளியே எடுத்தார். பையை மூடி என் பக்கம் தள்ளிவிட்டு, வெறும் தரையில் உட்கார்ந்து, கதவில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.