நெற்றி தெரியாத படம்

எங்கள் கோவில்பட்டியில் காலையில் வைத்த சந்தனம் உச்சிவேளைக்குள் காய்ந்து உதிர்ந்துவிடும். இந்தக் கண்டியில் கடை அடைக்கும்வரை ஈரமாகவே இருக்கிறது. புடவைக் கடைச் சிப்பந்தியாக வந்த எனக்கு இந்த ஊரில் முதலில் பிடிபடாதது அதுதான். வெள்ளிக்கிழமைதோறும் கடைப் படங்களைத் துடைத்துப் பொட்டு வைத்து மாலை போடுவது என் வேலை. ஊரிலும் அதைத்தான் செய்தேன். கண்ணாடி போட்ட படம் என்றால் கை தானாகப் போகும்.

அந்தக் கைதான் என்னைக் கப்பலேற்றப் பார்த்தது. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்பியபோது பங்களாச் சாமான்களை ஏலம் விட்டார்கள். முதலாளி ஒரு பெரிய தேக்குச் சட்டத்தை எடுத்துவந்தார். அதில் லட்சுமி படம் போட எண்ணம். உள்ளே இருந்ததோ கறுப்புக் கோடுகளும், மழைக்காலச் சுவர்போலச் சாம்பல் திட்டுகளும். லட்சுமி வரும்வரை அப்படியே மாட்டச் சொன்னார். வெள்ளிக்கிழமை வந்தது. நெற்றி எங்கே என்று கொஞ்ச நேரம் தேடினேன். மேல் ஓரத்தில் பென்சிலால் ஏதோ கிறுக்கியிருந்தது. அதன்மேல் பொட்டு வைத்து மாலையும் போட்டேன்.

அன்றைக்கென்று ஹந்தானையிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் கூறைச் சேலை எடுக்க வந்தார்கள். பெண்ணின் தாய் படத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"யாருங்க தவறிட்டாங்க? மொகமே வெளங்கலயே."

"தெரியலீங்க," என்றேன். பொய்யா சொன்னேன்? சாவு விழுந்த கடையில் கூறை எடுக்க மாட்டோமென்று எல்லோரும் எதிர்க்கடைக்குப் போய்விட்டார்கள்.

நான் இங்கே தங்கும் அனுமதி அடுத்த மாதம் முடிகிறது. நீட்டிக்க முதலாளியின் கையெழுத்து வேண்டும். "கடைய சாவு வீடாக்கிட்டியே. கையெழுத்தும் கெடயாது, ஒண்ணும் கெடயாது. மூட்டயக் கட்டு," என்றார். ஊரில் என்னை நம்பித்தான் உலை கொதிக்கிறது.

மறுநாள் சட்டைத் துணி வாங்க வந்த சிங்களச் சித்திர வாத்தியார் ஒருவர், படத்தைப் பார்த்ததும் துணியை மறந்துவிட்டார். செம்புத் தகட்டில் கீறி, அமிலத்தில் அரிக்கவைத்து, மை பூசி அச்சிட்டதாம். கோடுகள் எட்சிங்காம், பிசின்தூள் தூவி எடுத்த சாம்பல் திட்டுகள் அக்குவாடின்டாம். முதலாளியின் கவலை வேறு. சிங்களத்தில் ஐயா என்று கூப்பிட்டுக் கேட்டார்.

"அது கெடக்கட்டும் மாத்தயா. இது யாரு?"

"இது யாரும் இல்ல."

"பொறந்ததே இல்லயா?"

"இல்ல."

"அப்ப சாகவும் இல்ல." முதலாளி பெருமூச்சு விட்டு, என் அனுமதிக் கடுதாசியைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

வாத்தியார் படியிறங்கும்போது, "ஆனா படம் தலகீழா தொங்குது. வரஞ்ச ஆள் பென்சில்ல போட்ட பேர் கீழ வரணும்," என்றார். அப்படியானால் நான் பொட்டு வைத்தது காலில்.

அவர் போனதும் திருப்பி மாட்டினோம். முதலாளிக்குத் தலை சுற்றியதாம். மறுபடி பழையபடியே மாட்டச் சொன்னார். ஊருக்குப் போனால் என்னைக் கண்டிக்காரன் என்கிறார்கள், இங்கே நான் இந்தியாக்காரன். அடுத்த வெள்ளிக்கிழமை நெற்றியைத் தேடவில்லை. மாலை போடாமல், மேலே ஒரு பொட்டும் கீழே ஒரு பொட்டும் வைத்தேன். கடை அடைக்கும்போது தொட்டுப் பார்த்தேன். இரண்டும் காயவில்லை.