கஜபதியின் நாலாவது சட்டம்

திருத்தணிக்கு வடக்கே, திருப்பதி சாலையை ஆறு குறுக்கே அறுத்துப் போகும் இடத்தில் அப்போது பாலம் கிடையாது. கார்கள் முழங்கால் தண்ணீரில் இறங்கித்தான் ஏற வேண்டும். வெளியூர்க்காரர்கள் சேற்றில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க, சாலைக் கூலி கஜபதியை அங்கே நிறுத்தியிருந்தார்கள். அது நாற்பத்தொன்றாம் வருஷம். அவர் மனைவி சின்னம்மாள் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளை குட்டி இல்லை.

காரை மறித்து மூன்று சட்டம் சொல்வார். "கரையிலேயே ஃபர்ஸ்ட் கியர் போட்டுடுங்க, தண்ணியில மாத்தாதீங்க. நட்டு வச்ச மூங்கிலுக்கு இந்தாண்டயே வாங்க, அந்தாண்ட சேறு. காவடி எதிர்ல வந்தா ஆரன் அடிக்காதீங்க, அவங்க கரையேறட்டும்." பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் முன்னால் நடப்பார். கார் பின்னாலேயே ஊர்ந்து வரும்.

அக்கரை ஏறியதும் நாலாவது சட்டம். "எஞ்சினை நிறுத்திடுங்க. ஒரு வெத்தலை போட்டு முடிக்கிற மட்டும் ஆறணும்."

இதை எந்த அதிகாரியும் சொல்லவில்லை. கஜபதியே கட்டிவிட்டது. ஆற்றில் குளித்து வந்த வண்டிக்கு என்ன சூடு? கோட்டுப் போட்ட பட்டணத்து வக்கீல்களெல்லாம் வாய் பேசாமல் இறங்கி உட்கார்ந்தார்களே, அதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது. வெற்றிலையை நீட்டி, எந்த ஊர், எத்தனை பிள்ளை, யாருக்கு மொட்டை என்று விசாரிப்பார். அந்தப் பேச்சுக்காகத்தான் சட்டம். குடிசைக்குத் திரும்பினால் பேச ஆளில்லை. பொய்தான், ஆனாலும் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

மாசம் தவறாமல் வருபவன் தங்கவேல் ஒருத்தன்தான். பட்டணத்து ஜவுளிக்கடை முதலாளியின் டிரைவர். அவன் மட்டும் இரண்டாவது வெற்றிலையும் கேட்டு வாங்குவான்.

நாற்பத்தெட்டில் பாலம் வந்தது. கூலி போகவில்லை, அதே இடத்தில் சல்லி உடைக்கச் சொன்னார்கள். போனது வெற்றிலை நேரம்தான். முதல் வாரம் பழக்க தோஷத்தில் ஒரு காரை மறித்துவிட்டார். "பாலத்து மேல இன்னாய்யா சேறு?" என்று திட்டிவிட்டுப் போனார்கள். அதன்பின் அவர் கை தூக்கவில்லை. முதலாளிக்கு உடம்பு முடியாமல் தங்கவேலின் வரத்தும் நின்றிருந்தது. மூன்று மாசம் கார்கள் புழுதியை இறைத்துக்கொண்டு பறந்தன. தனியாக இருப்பதைவிட, பார்க்காமல் போகிறவர்கள் நடுவே இருப்பதுதான் அவரை வாட்டியது.

ஒரு காலை, பாலம் தாண்டி ஒரு கார் நின்றது. எஞ்சின் அணைந்தது.

"இன்னாத்துக்குடா நிறுத்தினே?" என்றார் பின்சீட்டு முதலாளி.

"இந்த எடத்துல ஒரு சட்டம் இருக்குதுங்க." தங்கவேல் இறங்கி வந்தான்.

கஜபதிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "அது நானா கட்டினது தம்பி."

"மொத நாளே தெரியும் நைனா. வண்டி ஓட்றவனுக்குத் தெரியாதா? வெத்தலையை எடு."

கஜபதி இடுப்பு மடியைத் தடவினார். மூன்று மாசமாக அவர் வெற்றிலை வாங்கவே இல்லை.