பிள்ளையை என்னிடம் தந்துவிட்டுப் போனவர்

வவுனியாவில் ஒரு தனியார் நிறுவனத்தின் நான்காவது சுற்று நேர்முகத்தில்தான் அவரைச் சந்தித்தேன். ஒரே வேலைக்கு நாங்கள் இரண்டு பெண்கள் மிஞ்சியிருந்தோம். வெயிலில் கறுத்த முகம், மடிப்புக் கலையாத நீலச் சேலை, இடுப்பில் ஒரு கைக்குழந்தை. நாயாற்றிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார். அறைக் கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் கதிரையை விட்டு எழுந்து நின்றார்.

முதலில் அவரைத்தான் கூப்பிட்டார்கள்.

“தங்கச்சி, பிள்ளையை ஒருக்கா வைச்சிருப்பீங்களோ? முந்தி மூண்டு தரமும் அம்மாவிட்ட விட்டிட்டு வந்தனான். இண்டைக்கு அவாவுக்குக் காய்ச்சல். பிள்ளை இருக்கெண்டு தெரிஞ்சா என்னை எடுக்கமாட்டினம்.”

“ஓம் அக்கா, தாங்கோ.”

குழந்தை வீரிட்டு அழுதது. தோளில் போட்டு நடந்து நித்திரையாக்கினேன். அவர் வந்து வாங்கிக்கொண்டதும் நான் உள்ளே போனேன்.

“வெளியில ஒரு குழந்தை அழுதது. உங்கட பிள்ளையோ?” என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சிரித்தபடி கேட்டார்.

“இல்லை சேர், அந்த அக்காவின்ர.”

“இல்லை” என்பதோடு நான் நிறுத்தியிருக்கலாம். அவர் எதையோ எழுதிக்கொண்டார்.

வெளியே வந்தபோது அந்த அக்கா எனக்காகக் காத்திருந்தார். “வடிவாச் செய்தனீங்களோ? உங்களுக்குக் கிடைச்சாலும் எனக்குச் சந்தோசம்தான்” என்றார்.

எங்கள் இருவரையுமே அவர்கள் எடுக்கவில்லை. இரண்டு மாதத்தில் அதே வேலைக்குத் திரும்பவும் விளம்பரம் வந்தது. நான் விண்ணப்பிக்கவில்லை. அவர் விண்ணப்பித்திருந்தால், தன்னைப் பற்றி அங்கே என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று தெரியாமலே முதல் சுற்றிலிருந்து தொடங்கியிருப்பார்.