அக்காவும் தலையீற்றுப் பசுவும்

எங்கள் நெடுந்தீவில் ஞானசவுந்தரி அக்காவின் வாய்க்குத் தப்பிய சீவராசி ஒன்றும் இல்லை. எறும்பு சீனிக்குள் விழுந்தால் அது பேராசைக்குப் பாடம். சேவல் கூவினால் ஆண்டவரை மறுதலித்த பேதுருவின் கதை. நான் சோற்றை அடிப்பிடிக்க விட்டால் நரகத்தைப் பற்றி முழுசாக ஒரு பிரசங்கம். வேதக்கோயிலில் முப்பது வருடமாக மறைக்கல்வி படிப்பிக்கிறவர், என் கூடப்பிறந்தவர். ஆனால் பாடமெல்லாம் மற்றவர்களுக்குத்தான். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவருடைய ஒரே மகள் லதீபா, இரண்டு வருடத்துக்கு முன் வேலணைச் சைவப் பொடியன் பிரதாபனைப் பதிவுத் திருமணம் செய்தாள். "கோயிலிலை கைபிடிக்காதவள் என்ரை பிள்ளை இல்லை" என்று அன்றைக்குப் படலையைச் சாத்தினவர்தான் அக்கா.

போன பங்குனியில் லதீபா ஆறு மாதக் கைக்குழந்தையோடு காலைப் படகில் வந்து, பக்கத்து வளவிலிருக்கும் என் வீட்டில் இறங்கினாள். அடுத்த கிழமை புருஷனிடம் கனடாவுக்குப் போகிறாள். போகுமுன் பிள்ளையைத் தாய்க்கு ஒருக்கால் காட்டவேண்டும். இரண்டரைக்குக் கடைசிப் படகு.

ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். அவர் மாட்டுக் கொட்டிலில் நின்றார். முதல் நாள் ஈன்ற தலையீற்றுப் பசு, கன்றைக் கிட்ட எடுக்காமல் உதைத்துக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் அதற்கு ஒரு வழி உண்டு. கன்றின் உடம்பில் உப்பைத் தேய்த்துவிட்டால் உப்பு ருசிக்குப் பசு நக்கும். நக்க நக்கத் தன் கன்றென்று ஏற்றுக்கொள்ளும்.

"இதைப் பாத்திட்டு வாறன்," என்றார் அக்கா, திரும்பியும் பாராமல்.

பதினொன்று ஆனது, பன்னிரண்டு ஆனது, ஒரு மணியும் ஆனது. பிள்ளை அழுது களைத்துத் தூங்கிவிட்டது. லதீபா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். போட்டுக்கொடுத்த சோற்றைத் தொடவில்லை. இரண்டு மணிக்கு, "நான் வெளிக்கிடுறன் சின்னம்மா," என்று ஓட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

வந்த கோபத்தில் கொட்டிலுக்குள் புகுந்தேன். பசு அப்போதுதான் கன்றை நக்கத் தொடங்கியிருந்தது. அக்காவின் முகமெல்லாம் பூரிப்பு.

"பாத்தியே யோகம்? பெத்தவள் தள்ளினாலும் ஆண்டவர் தள்ளமாட்டார். ஞாயிற்றுக்கிழமை பிள்ளையளுக்கு இதைத்தான் சொல்லப்போறன்."

"தள்ளின பெத்தவள் ஆர் அக்கா?" என்று கத்தினேன். "மாட்டுக்கு விடிய துவங்கி உப்புத் தேச்சனீங்கள். உங்கடை பிள்ளை அவ்வளவு நேரமும் என்ரை வீட்டிலை பச்சைத்தண்ணியும் குடிக்காமல் இருந்திட்டுப் போறாள். ஆண்டவர் உங்கடை நாக்கிலைதான் இருக்கிறார், நெஞ்சிலை இல்லை. வெக்கமாயில்லையே?"

அக்கா உப்புக் கையைக் கழுவவும் இல்லை. செருப்பும் போடாமல் தெருவுக்கு ஓடினார். வழியில் வந்த உழவு இயந்திரத்தை மறித்து இருவரும் ஏறினோம்.

இறங்குதுறைக்குப் போனபோது கயிற்றைக் கழற்றிவிட்டார்கள். லதீபா பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, மற்றப் பக்கம் பார்த்தபடி படகில் இருந்தாள். "லதீபா! எடி லதீபா!" என்று அக்கா தொண்டை கிழியக் கூப்பிட்டார். எஞ்சின் சத்தத்தில் அது எங்கே கேட்கப்போகிறது!

படகு சின்னதாகும் வரை அவர் கையை ஆட்டிக்கொண்டு நின்றார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"யோகம், பிள்ளைக்கு என்ன பேர்?"

எனக்குத் தெரியும். சொல்லவில்லை. லதீபாவின் இலக்கத்தை அழுத்தி, என் போனை அவர் கையில் திணித்தேன்.

"உங்கடை மகளிட்டைக் கேளுங்கோ."