மாமி வளர்த்த கரப்பான்

நான் கடற்கரை ஊரான எத்தாளைக்கு மருமகளாய்ப் போனபோது குசினியில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இன்னொரு பானை இருந்தது. திறந்தேன். உள்ளே முழுக்கக் கரப்பான். ஊரெல்லாம் விளக்குமாற்றால் அடித்துக் கொல்கிற சாமானை எங்கள் மாமி தேங்காய்ப் பிண்ணாக்கும் வாழைப்பழத் தோலும் போட்டு வளர்த்துக்கொண்டிருந்தார். ஏறி ஓடாமலிருக்கப் பானையின் வாய்க்கு உள்ளே தேங்காயெண்ணெய்ப் பூச்சு வேறு. என் தலைக்கு எண்ணெய் இல்லாத நாளிலும் பானைக்கு இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆருக்கு இந்தச் சீதனம்?" என்று புருஷனிடம் சண்டைக்குப் போனேன். அவர் கிணற்றடி முருங்கையைக் காட்டினார். கொப்பில் ஒரு பச்சோந்தி, இடுப்பில் நூல் கட்டி இருந்தது. விறகுக்குப் போன இடத்தில் அவருடைய தம்பி பிடித்து வந்ததாம். அந்தத் தம்பி முந்தின மாரியில் மலேரியாக் காய்ச்சலில் போய்விட்டான். காய்ச்சலுக்குக் கொடுத்த கொயினா மருந்தைக் குடித்துக் காது அடைத்ததுதான் மிச்சம். உயிரோடு அவன் விட்டுப்போனது அது ஒன்றுதான்.

செத்த பூச்சியைப் பச்சோந்தி திரும்பியும் பாராது. அசைந்தால்தான் நாக்கு நீளும். மாமி ஒவ்வொன்றாகக் காலைப் பிடித்து நீட்டி, "தின்னு ராசா, தின்னு" என்பார். எங்களில் ஒருவரோடும் அவர் அப்படிக் குழைந்து பேசி நான் கேட்டதில்லை.

வெள்ளைக்காரன் ஆட்சி முடியப்போகிற காலம் அது. மலேரியாவைப் பரப்புகிற நுளம்பைக் கொல்ல வீட்டுச் சுவரெல்லாம் மருந்து அடிக்க அரசாங்க ஆட்கள் வந்தார்கள். மாமி பானையையும் பச்சோந்தியையும் தூக்கிக்கொண்டு கடற்கரையில் மீன்காரர் குடிசை போட்டிருந்த வாடிக்குப் போய்விட்டார். அவ்வளவு கவனம். பொழுதுபடத் திரும்பி வந்தால், குசினி நிலமெல்லாம் கரப்பான்கள் மல்லாந்து காலை ஆட்டிக்கொண்டு கிடந்தன. பானையில் அப்போது பூச்சி குறைவு. மாமிக்கு வாயெல்லாம் பல். சேலைத் தலைப்பில் பொறுக்கத் தொடங்கினார்.

"மருந்து பட்டதெல்லோ, மாமி?"

"காய் கலக்கி மயக்கிற மீனைத் திண்டு இந்தக் கரையில ஆர் செத்தது, புள்ள? இதுகளும் மயங்கித்தான் கிடக்குது."

எனக்கும் சரியாகவே பட்டது. களப்பு ஓடையில் காட்டுக் காயை இடித்துக் கலக்கினால் மீன் மயங்கி மிதக்கும். அள்ளி வந்து சோற்றுக்கு ஆணம் காய்ச்சுவோம். ஒருவருக்கும் ஒன்றும் வந்ததில்லை.

அவற்றைத் தின்ற பச்சோந்தி மறுநாள் கொப்பைப் பிடிக்க முடியாமல் கீழே விழுந்தது. உடம்பெல்லாம் நடுக்கம். மாமி அதை மடியில் வைத்துக்கொண்டு வாயில் தண்ணீர் சொட்டுவிட்டார். "அவனும் இப்பிடித்தான் நடுங்கினவன்" என்றார். பின்னேரம் அது அடங்கிப்போயிற்று. மருந்தடித்தவர்களை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேன்.

சில மாதம் கழித்து அந்த ஆட்கள் மறுபடி வேலிப் படலையில் வந்து நின்றபோது நான் நிறை வயிற்றுக்காரி. மாமி சண்டைக்குப் பாயப்போகிறார் என்று பயந்து எழும்பினேன். அதற்குள் மாமியே படலையைத் திறந்து, மருந்துக்காரரை அறைக்குள் கூட்டிப்போய், என் பாயைச் சுருட்டி எடுத்தார்.

"இவள் படுக்கிற இடம், தம்பி. வடிவா அடியுங்க."

மருந்துக்காரர் அடித்து முடிக்கும்வரை மாமி பக்கத்திலேயே நின்றார். பிறகு சுவரில் வழிந்த மருந்தைப் பார்த்தபடி கேட்டார்.

"என்ட சின்ன மகன் உசிரோட இருக்கக்குள்ள வந்திருக்கப்படாதா, தம்பி?"